மத்தியான மருந்து

மாலை ஆறு மணி. இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்ததும் காலைச் சுற்ற வரும் பூனை அன்றும் வரவில்லை. துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னாலிருந்து அடித்தொண்டை உறுமல் மட்டும் கேட்டது. குனிந்து கையை நீட்டினாள். பன்னிரண்டு வருடத்தில் அவளை ஒருமுறைகூடக் கீறாத பிராணி, புறங்கையில் பல்லைப் பதித்தது.

"சரிடா, சரி. நான்தான்" என்றாள். ரத்தம் துளிர்த்தது. அதைத் துடைக்கத் தோன்றாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பூனையின் பெயர் கமிஷனர். ஸ்டேஷனுக்குப் பின்னால், பறிமுதல் செய்த லாரியின் அடியில் குட்டியாகக் கிடந்ததைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள். "வீட்டுலயும் சல்யூட் அடிக்க ஓர் ஆள் வேணும்ல" என்று அப்போது சொல்லிச் சிரித்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் கடல் கடந்து போய், பிறந்தநாளுக்கு மட்டும் கூப்பிடும் ஆளாகிவிட்டான். வழக்கில் முட்டுச்சந்து வந்தால், யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் கமிஷனரிடம்தான் புலம்புவாள். அது கேட்டுவிட்டுக் கொட்டாவி விடும்.

மழை தொடங்கியபோது பின்னங்கால் நொண்ட ஆரம்பித்தது. எலும்பில் புற்று; நெஞ்சுக்கும் பரவியிருந்தது. "குணப்படுத்த முடியாது மேடம். ஆனா வலியில்லாம வெச்சுக்கலாம்" என்று பூனை டாக்டர் ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்தாள். ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, கன்னத்துக்கு உள்பக்கமாக விட வேண்டும். காலை, மத்தியானம், இரவு.

"மருந்து ஏறினா நல்லாத் தூங்கும். கண்மணி விரிஞ்சு கண்ணே கறுப்பாத் தெரியும், வெயில்லகூடச் சுருங்காது. பாத்துப் பயந்துடாதீங்க. அப்புறம், மனுஷங்களுக்கு இது போதை. பூட்டி வைங்க."

காலையும் இரவும் இன்ஸ்பெக்டர் கொடுத்தாள். மத்தியானத்துக்கு எதிர்வீட்டு ஹலோ சார். ஆயுசெல்லாம் டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்தவர். வாசலில் யார் நின்றாலும் இன்றைக்கும் "ஹலோ" என்றுதான் ஆரம்பிப்பார். மனைவி போன பிறகு அவர் வீட்டில் பேச்சுக்குரல் என்றால் டி.வி.யில் செய்தி வாசிப்பவருடையதுதான். "எனக்கு என்னம்மா வேலை, நான் பாத்துக்கறேன்" என்று ஆசையாகச் சாவியை வாங்கிக்கொண்டார்.

முதல் சில நாட்கள் எல்லாம் நன்றாகத்தான் போயின. கடைசி ஒரு வாரமாகத்தான், அவள் வீடு திரும்பும் நேரத்தில் கமிஷனர் எங்காவது ஒடுங்கி ஒளிந்துகொண்டிருந்தது. அந்த வாரம் முழுக்க அவளுக்கு ஒரு கொலை வழக்கு. இரவு வந்து, எப்படியோ மருந்தை விட்டு, அப்படியே படுக்கையில் விழுவாள்.

டாக்டரைக் கூப்பிட்டாள்.

"கடிச்சுதா? கமிஷனரா?" என்றாள் டாக்டர். "ஒழுங்கா மருந்து கொடுத்தும் இவ்வளவு வலின்னா, இனிமே இழுத்துக்கிட்டுப் போறது பாவம் மேடம். நாளைக்குச் சாயங்காலம் வரேன். நிம்மதியா அனுப்பி வெச்சிடலாம்."

ஃபோனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அழுதாள். அழுகை ஓய்ந்ததும் ஒரு வார்த்தை காதிலேயே நின்றது. ஒழுங்கா. "ஒழுங்காப் பூட்டிட்டுத்தான் போனேன் மேடம்" என்று திருட்டுக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்!

எழுந்து போய் மருந்துப் பெட்டியைத் திறந்தாள். குப்பியில் மருந்து எந்த அளவுக்கு இறங்கியிருக்க வேண்டுமோ அந்த அளவுக்கு இறங்கியிருந்தது. அப்படியானால் யாரோ போதைக்காக மருந்தை எடுத்துக்கொண்டு, தண்ணீரை ஊற்றி அளவைச் சரிக்கட்டியிருக்க வேண்டும். பெட்டியின் சாவி பக்கத்திலேயே ஆணியில் தொங்கியது. ஊருக்கெல்லாம் பூட்டைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள் வீட்டு லட்சணம் அது.

ஆறரைக்குச் சமையல்காரப் பெண் வந்தாள். இன்ஸ்பெக்டர் சமையலறை வாசலை மறித்து நின்றாள்.

"மருந்துப் பெட்டியத் தொட்டியா?"

"பூட்டி வெச்சிருக்கறத நான் ஏம்மா தொடுறேன்?"

"சாவி எங்க இருக்குன்னு தெரியும்ல?"

"தெரியும். சார் எடுப்பாரு, பாத்திருக்கேன்."

"உன் தம்பி இப்போ எங்க இருக்கான்?"

அரிசி களைந்துகொண்டிருந்த கை நின்றது. தம்பி ஒரு காலத்தில் போதைக்கு அடிமையாகிக் கிடந்தவன். "அவன் திருந்தி வேலைக்குப் போறான். நீங்க பேசி வாங்கிக் குடுத்த வேலைதான். இப்ப நீங்களே இப்படிக் கேக்கறீங்க."

"கேட்டதுக்குப் பதில்."

"தொடல." அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "மூணு மணிக்குப் பாத்திரம் கழுவ நான் வரும்போது பூனை நல்லாத்தான் இருக்கு. சார் மடியில ஏறி உக்காந்து, மோட்டார் ஓடுற மாதிரி கொர்ர்ருனு சத்தம். சாருக்கு வாயெல்லாம் பல்லு. நீங்க வந்ததும்தான் அதுக்கு வலி வருதுன்னா, அதுக்கு நானா பொறுப்பு?"

களைந்த அரிசியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இன்ஸ்பெக்டர் சிரிஞ்சில் மருந்தை எடுத்தாள். குப்புறப் படுத்து, மெஷினுக்குப் பின்னால் கையை நுழைத்து, இன்னொரு கடி வாங்கிக்கொண்டு, கன்னத்தில் மருந்தை விட்டாள். இந்தத் தடவை படுக்கைக்குப் போகவில்லை. தரையிலேயே படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து உறுமல் அடங்கியது. கமிஷனர் மெல்ல நொண்டி வெளியே வந்தது. ட்யூப் லைட்டுக்கு நேராக முகத்தைத் தூக்கியது. இரண்டு கண்ணும் மை கொட்டியது போலக் கறுத்திருந்தன. தட்டிலிருந்ததை நக்கிச் சாப்பிட்டது. அவள் பாதத்தில் தலையை வைத்துத் தூங்கிவிட்டது.

தண்ணீர் இப்படித் தூங்க வைக்காது. குப்பியில் இருந்தது அசல் மருந்து. சமையல்காரப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்து நெஞ்சைச் சுட்டது.

மருந்து நல்ல மருந்து. கமிஷனரின் உடம்பும் அதற்குக் கட்டுப்படுகிறது. ஆனாலும் தினமும் சாயங்காலம் வலி. காலையில் கொடுப்பது அவள். இரவில் கொடுப்பது அவள். மிச்சம் ஒரு வேளைதான்.

பாதத்தை அசைக்காமல் ஃபோனை எடுத்தாள். ஹலோ சார் தினமும் மூன்று மணி வாக்கில் ஒரு படம் அனுப்புவார். கீழே, 'கமிஷனர் நலம்'. ஸ்டேஷன் அமளியில் கட்டை விரலை உயர்த்தி ஒரு பதில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முதல் நாட்களின் படங்களில் கமிஷனர் கட்டிலுக்கடியில் சுருண்டு தூங்கியது. கடைசி ஒரு வாரப் படங்களில் அவர் மடியில், ஜன்னலோரம், முகத்தில் வெயில் பட உட்கார்ந்திருந்தது. படத்தைப் பெரிதாக்கினாள். கண்மணிகள் நூல் மாதிரி, நிமிர்ந்த இரண்டு கோடுகள்.

டாக்டரை மறுபடி கூப்பிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். பதிலைக் கேட்டுக்கொண்டு, "நாளைக்கு வராதீங்க டாக்டர்" என்றாள்.

எட்டு மணிக்கு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஹலோ! வாம்மா, உள்ள வா." ஒரு நாற்காலியில் நாலைந்து நாள் பேப்பர் கிடந்தது. அள்ளி எடுத்து அவளுக்கு இடம் போட்டார். அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்து ரொம்ப நாளாகியிருக்க வேண்டும்.

"மத்தியானம் மருந்து குடுத்தீங்களா சார்?"

"குடுத்தேனே. குப்பியப் பாத்தாலே தெரியுமே."

"நான் குப்பியப் பத்தி ஒண்ணும் கேக்கலையே சார்."

அவர் டி.வி.யை அணைத்தார். ரிமோட்டைக் கீழே வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"மருந்து உள்ள போயிருந்தா வெயில்லயும் கண்ணு கறுப்பா விரிஞ்சிருக்கும். நீங்க அனுப்பின படத்துல கோடு மாதிரி இருக்கு. ஒரு வாரமா நீங்க மருந்த எடுத்திருக்கீங்க, ஆனா குடுக்கல. குப்பியில அளவு சரியா இருக்கணும்னு எங்கயோ கொட்டியிருக்கீங்க. எங்க சார்?"

"தொட்டியில" என்றார் முணுமுணுப்பாக. "முதல் நாலஞ்சு நாள் குடுத்தேம்மா, சத்தியமா. குடுத்தா போய்க் கட்டிலுக்கடியில படுத்துடும். கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்காது. நான் சும்மா உக்காந்துட்டு வருவேன். ஒரு நாள் மறந்துபோச்சு. அன்னிக்குத் தானா வந்து மடியில ஏறிச்சு. கொர்ருனு… எவ்வளவு சந்தோஷம்! நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வீணா மயக்கி வைக்கணும்னு…"

"சந்தோஷத்துல இல்ல சார்." சொல்லாமல் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொல்லாவிட்டால் நாளைக்கும் இதையேதான் செய்வார். "தாங்க முடியாத வலியிலயும் பூனை அப்படிக் கொர்ருங்குமாம். தன்னைத் தானே தேத்திக்கறதுக்கு. இப்பத்தான் டாக்டர் சொன்னாங்க. காலை மருந்தோட வேகம் இறங்க இறங்க உங்க மடிக்கு வந்திருக்கு. அப்புறம் அதுவும் முடியாம ஒளிஞ்சுக்கிட்டிருக்கு."

அவர் தன் மடியைக் குனிந்து பார்த்தார். வேட்டியில் பூனை முடி ஒட்டியிருந்தது. ஒன்றிரண்டைப் பிடுங்கினார். பிறகு முகத்தை மூடிக்கொண்டார்.

"நாளைக்கு அதைக் கொன்னுருப்போம் சார். ஊசி போட டாக்டர் வர்றதா இருந்தாங்க."

"என்னைப் பிடிச்சு உள்ள போடும்மா."

எத்தனையோ குற்றவாளிகள் அவள் முன்னால் அழுதிருக்கிறார்கள். அப்போதெல்லாம் அவளுக்கு மேஜையின் மறுபக்கம் எதுவென்று தெரியும். இங்கே தெரியவில்லை.

"அப்போ என் மேல பிரியமா வரலையாம்மா?" என்று கேட்டார்.

"வலிச்சப்ப அது உங்ககிட்டதான் சார் வந்துச்சு" என்றாள். "என்னைப் பாத்து ஒளிஞ்சுக்கிச்சு."

மறுநாள் காலை சமையல்காரப் பெண்ணின் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டாள். அவள் உள்ளே கூப்பிடவில்லை. ஆனால் சாயங்காலம் வேலைக்கு வந்தாள். வெகுநாள் வரைக்கும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

மத்தியானத்தை ஹலோ சாரிடமிருந்து இன்ஸ்பெக்டர் பறிக்கவில்லை. ஒரு வாரம் மதியம் வீட்டுக்கு வந்து, பக்கத்தில் நின்று அவர் கொடுப்பதைப் பார்த்தாள். பிறகு நிற்கத் தேவைப்படவில்லை. கமிஷனர் கட்டிலுக்கடியில் தூங்கும். அவர் தரையில் உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, அந்தக் காலத்து எக்சேஞ்ச் கதைகளைக் கட்டிலுக்கடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார்.

மழை விட்டு வெயில் ஏறத் தொடங்கியபோது, மருந்துக்கும் மீறிய நாள் உண்மையாகவே வந்தது. டாக்டரை இன்ஸ்பெக்டர்தான் கூப்பிட்டாள். எல்லாம் சீக்கிரம் முடிந்தது. ஹலோ சார் கிளம்புவதற்காக எழுந்தவர், செருப்பைப் போட்டுக்கொண்டு போகாமல் நின்றார். சமையல்காரப் பெண் யாரையும் கேட்காமல் மூன்று பேருக்குச் சேர்த்து உலை வைத்தாள். "சார், செருப்பக் கழட்டுங்க" என்றாள் உள்ளேயிருந்து.