நானூற்றுப் பதினேழாம் டோக்கன்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு, மதியம் மூன்று மணிக்கு நானும் சம்பங்கியும் பழைய இன்க்லைன் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஷாஃப்ட் மாதிரி செங்குத்தாக இறங்காமல், சரிவாகப் பாறைக்குள் நடந்தே போகிற சுரங்கப் பாதை அது. சாம்பியன் ரீப்ஸைத் தாண்டி, தங்கம் பிரித்து மிஞ்சின சயனைடு மண்மேட்டுக்குப் பின்னால், முள்ளுக்குள் கிடக்கிறது. சுரங்கத்தை இழுத்து மூடியபோது வாசலையும் மண் போட்டு அடைத்துவிட்டார்கள். போன வருட மழையில் அந்த மண் கரைந்து, நாய் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தது.

அந்த ஓட்டையைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

சம்பங்கி, சுரங்கத்தில் என்னோடு வேலை பார்த்த சிநேகிதன் மனோகரின் மனைவி. இருபத்தாறு வருடத்துக்கு முன் காலை ஷிஃப்டுக்குப் போன மனோகர் வீடு திரும்பவில்லை. எவளோடோ ஓடிவிட்டான் என்று எங்கள் குடியிருப்பு லைன் முழுக்கப் பேச்சு. அன்றிலிருந்து இவள் பொட்டு வைக்கவும் மனசில்லாமல், எடுக்கவும் மனசில்லாமல் இருக்கிறாள்.

உள்ளே அவனைப் பற்றித் தடயம் ஏதாவது இருக்கிறதா பார்க்கலாம் என்று சொல்லித்தான் அவளைக் கூட்டி வந்திருந்தேன். சாக்குப்பையிலிருந்து நான் என் ரோபோ வண்டியை எடுத்தேன்.

"உள்ள இன்னா கீதுன்னு நெசமாவே இதுல தெரியுமாண்ணா?" என்றாள்.

"தெரியும்மா."

அதைக் கட்டி முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. நான் பெங்களூரில் ஒரு கம்பெனி வாசலில் நிற்கிற செக்யூரிட்டி. ரயிலில் போக வர நாலு மணி நேரம், செல்போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான். பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்ததில் முதல் மோட்டார் போர்டு புகைந்து போனது. விளையாட்டுக் கார் ரிமோட் முப்பது அடியிலேயே கைவிட்டது. தூரம் போகிற ரேடியோ ஒன்று வாங்கினேன். திறந்த மைதானத்தில் அரை கிலோமீட்டர் ஓடியது, ஒரு கற்சுவருக்குப் பின்னால் போனதும் படுத்துவிட்டது. ஒருமுறை சிக்னல் அறுந்த பிறகும் நிற்காமல் ஓடி, சாக்கடையில் விழுந்தது. சிக்னல் போனால் என்ன செய்வதென்று வண்டிக்கு முன்கூட்டியே பதிய வைக்க வேண்டுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? அதையும் கற்று, 'அங்கேயே நில்' என்று பதிய வைத்தேன். பத்து தரம் சோதித்தேன், பத்து தரமும் நின்றது.

"இந்த வயசுல இன்னாத்துக்கு உனுக்கு பொம்மை?" என்று என் மனைவி கரோலின் கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை. எனக்கு வாய் திறக்கத் தைரியம் இல்லை. எனக்குப் பதிலாகச் சொல்ல ஒரு மெஷின் வேண்டியிருந்தது.

சுரங்கத்துக்குள் போகிற ஒவ்வொருவனும் தன் நம்பர் அடித்த பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். மேலே வந்ததும் ஜன்னலில் கொடுத்தால் பலகையில் மாட்டுவார்கள். பலகை நிறைந்தால் உள்ளே ஆளில்லை என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் வெடி வைப்பார்கள். ஒருவன் டோக்கனை இன்னொருவன் கொடுப்பது தப்பு. ஆனாலும் எல்லோரும் செய்வோம்.

மனோகர் சாப்பிட்ட எச்சில் கேரியரை வீட்டுக்குக் கொண்டு போக மாட்டான். அன்று ஷிஃப்ட் முடிந்ததும் சுரங்கத்துக்குள்ளேயே நின்றுவிட்டான்.

"அப்டியே எடுத்துனு போனா சம்பங்கி கத்துவா. இங்கயே குழாய்ல அலசிக்கினு பின்னாலயே வர்றேன். என் டோக்கனயும் போட்டுடு, ஏனோக்கு" என்று என் பேரைச் சொல்லி, கையில் திணித்தான். அவனுடையது 417, என்னுடையது 416. இரண்டையும் ஜன்னலில் கொடுத்தேன். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பலகை நிறைந்தது. வெடி வெடித்தது. இந்த இன்க்லைனின் அடியில் கூரையே இறங்கிவிட, அதை அப்படியே கைவிட்டுவிட்டார்கள். மறுநாள் விசாரித்தபோது, வேலை போய்விடும், ஜெயிலுக்கும் போவேன் என்று பயந்தேன். "மேல வந்தான் சார், ஸ்டேஷன் பக்கம் போனான்" என்றேன். நான் சொன்ன அந்தப் பொய்தான் அவனை ஓடிப்போனவன் ஆக்கியது.

சுரங்கம் மூடியபோது டோக்கன் பலகையைக் காயலாங்கடைக்கு ஏற்றினார்கள். அதிலிருந்து 417ஐ மட்டும் கழற்றி, என் டிரங்குப் பெட்டியில் ஒளித்து வைத்தேன்.

இப்போது அது வண்டியின் அடியில், சம்பங்கி கண்ணுக்குத் தெரியாமல், ஒரு கொக்கியில் தொங்கியது. உள்ளே போனதும் ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் கொக்கி திரும்பும், டோக்கன் விழும். வண்டியின் முன்னால் பொருத்திய கேமரா அதைத் திரையில் காட்டும். டோக்கன் உள்ளே கிடந்தால் மனோகர் வெளியே வரவே இல்லை என்று ஆகும். டோக்கன் வராமலே வெடிக்கு விட்டார் என்ற பழி, ஜன்னலில் இருந்த டைம்கீப்பர் சௌந்தரராஜன் மேல் போகும். அவர் செத்துப் பத்து வருடம் ஆகிறது. அவர் வந்து மறுக்கப் போகிறாரா என்ன? ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். எவ்வளவு கேவலமான புத்தி!

வண்டியை ஓட்டைக்குள் விட்டேன்.

உள்ளிருந்து வந்த காற்று முகத்தில் ஈரத்துணியாக அப்பியது. துருவும், ஊறின மரமும், அதற்கும் அடியில் பழைய வெடிமருந்தும் மணத்தன. ரிமோட்டின் சின்னத் திரையில் தண்டவாளம் தெரிந்தது, பிறகு உளுத்துப்போன கட்டைகள். ஓரத்தில் சிக்னல் எண் இறங்கிக்கொண்டே வந்தது. எண்பது. ஐம்பத்தைந்து. முப்பது.

பதினெட்டில் பொத்தானை அழுத்தினேன். வண்டியைப் பின்னால் எடுத்தேன்.

"அண்ணா... அது டோக்கன்தானே?"

நம்பர் தெரிந்தது. சம்பங்கி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"உள்ளதான் இருந்திருக்காரு. ஓடிப் போவல. டோக்கனு வாங்காமயே வெடி வெக்கச் சொன்னானே, அவன் குடும்பம் வெளங்குமா?" என்று மாரில் அடித்துக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும்ணா."

என் கை கூசியது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

வண்டி நகரவில்லை, ஆனாலும் சிக்னல் இறங்கியது. ஒன்பது. நாலு. பூஜ்யம்.

திரை கறுத்தது.

வண்டி நின்றிருக்க வேண்டும். பத்து தரம் சோதித்தது.

ஓட்டைக்குள் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன். என் விரல் எதன் மேலும் இல்லை. திரையில் சிக்னல் எண் மட்டும் திரும்பி வந்தது. இருபது. அறுபது. தொண்ணூற்றொன்பது. வண்டியை மடியில் வைத்துக்கொண்டு சோதித்தபோதுகூட எனக்குத் தொண்ணூற்றொன்பது வந்ததில்லை.

உள்ளே எங்கோ தண்ணீர் கொட்டியது.

அதோடு இன்னொரு சத்தமும் வந்தது, நிதானமாக, மண் போட்டுப் பாத்திரம் தேய்க்கிற சத்தம்.

"யாரோ ஏனம் தேய்க்கிறாங்கண்ணா" என்று சம்பங்கி கிசுகிசுத்தாள்.

தேய்க்கிற சத்தம் நின்றது.

வண்டி வெளியே வந்தது. என்னைத் தாண்டிப் போய், சம்பங்கியின் காலடியில் நின்றது. முன்பக்கக் கம்பியில் 417 தொங்கியது, ஈரமாக. உள்ளே நான் என் கண்ணால் பார்த்து விழ வைத்த டோக்கன்.

அவள் அதை எடுத்தாள். புரட்டிப் பார்த்தாள். அதைக் கோத்திருந்த நீல நாடாவை இழுத்துப் பார்த்தாள். அதைக் கோத்தபோது என் புத்தி எங்கே போயிற்றோ! என் பழைய அடையாள அட்டையின் நாடாவைத்தான் வெட்டிக் கட்டியிருந்தேன். அதற்கு முன் தினமும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் அவள் வீட்டைத் தாண்டி ரயிலுக்குப் போவேன்.

"இது உங்க கயிறாச்சே."

சொல்லிவிட்டேன். ஜன்னலில் கொடுத்தது, பஸ், ஸ்டேஷன் பொய், டிரங்குப் பெட்டி, எல்லாவற்றையும். சொல்லும்போது அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஓட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இன்னாத்துக்குப் பின்தங்கினாரு?" என்று கேட்டாள்.

"கேரியர் கழுவ. நீ கத்துவேன்னு."

"கத்துவேன்தான்" என்றாள். பிறகு சொன்னாள்: "இருவத்தாறு வருசம். என் கையால எத்தினி வாட்டி சோறு துன்னிருக்கீங்க."

டோக்கனை முந்தானையில் முடிந்துகொண்டு தனியாகவே நடந்து போனாள். நான் பாட்டரியைக் கழற்றி, வண்டியைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரவு கரோலினிடமும் சொன்னேன்.

காலையில் ரயிலுக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால், சம்பங்கி நிற்கிறாள். கையில் மூன்றடுக்குக் கேரியர். நசுங்கின மூடியில் 'மனோகர்' என்று பெயர் வெட்டியிருந்தது.

"எங்க வாசப்படியில இருந்திச்சு. நீங்களா கொண்டாந்து வெச்சீங்க?"

"ஏசு சத்தியமா இல்லம்மா."

அவள் கேரியரைக் கழற்றி, அடுக்கு அடுக்காக என் முன்னால் நீட்டினாள். மூன்றும் பளபளவென்று இருந்தன.

"அலசி கீது" என்றாள். "ஈரங்கூட இன்னும் காயல."