கண்ணாடி ஓடு

நெல் கொட்டிவைக்கும் மண் குலுக்கையை நகர்த்தியதும் அதற்குப் பின்னால் இருந்த சுவரில் ஓர் எண்ணெய்த் தடம் தெரிந்தது. தினமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சுவரில் தலை சாய்க்கிறவர்கள் இருக்கிற வீடுகளில் பார்க்கலாமே, அந்த மாதிரித் தடம்தான். கறுத்து, வழவழத்து, ஒரு தலையளவு. இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்தக் குலுக்கை ஜெபமலரின் புருஷன் ஞானதுரையின் தாத்தா காலத்திலிருந்து அரங்கின் மூலையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதற்கும் சுவருக்கும் நடுவே நுழைய ஒரு பூனைகூட யோசிக்கும். ஜெபமலர் விரலால் தொட்டாள். எண்ணெய் ஒட்டியது. மோந்து பார்த்தாள். சுக்கும் நல்லெண்ணெயும் கலந்த, பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையின் வாசனை.

“அதைத் தொடாதட்டி” என்றாள் பின்னால் நின்ற வடிவம்மாள்.

“இது யாரு தலை மதினி?”

“யாரு தலையா இருந்தா உனக்கென்ன? வெள்ளையடிக்கும்போது அதை மட்டும் விட்டுரணும். கொத்தனார்ட்ட நானே சொல்லிட்டேன்.”

வடிவம்மாள் ஞானதுரையின் அக்காள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு மேலகரத்தில் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். அந்த வீட்டில் எதையாவது மாற்றவேண்டும் என்று யாராவது சொன்னால் தன் கையையோ காலையோ வெட்டச் சொன்ன மாதிரிப் பார்ப்பாள்.

அரங்கு என்பது வீட்டின் உள்ளறை. சன்னல் கிடையாது. நெல்லும் புளியும் பித்தளைப் பாத்திரமும் அங்கே கிடக்கும். பேறுகாலம் வந்தால் வீட்டுப் பெண்களும் அங்கேதான் கிடக்கவேண்டும். ஜெபமலரும் கிடந்தாள். முதல் பிள்ளை அங்கே பிறந்து, ஒரு விடியற்காலையில் அங்கேயே மூச்சில்லாமல் கிடந்தது. அடுத்ததும் அப்படியே. டாக்டர் ஒன்று சொன்னார், வேதக்கோயில் ஐயர் ஜெபம் செய்துவிட்டு வேறொன்று சொன்னார், வடிவம்மாள் தாய்ப்பால் சரியில்லை என்று தெருவெல்லாம் சொன்னாள். ஜெபமலருக்கு அந்த இருட்டின் மேல்தான் சந்தேகம். படுத்திருக்கும்போது அது தன்னைப் பார்க்கவில்லை, பக்கத்தில் கிடக்கும் பிள்ளையைத்தான் பார்க்கிறது என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மூன்றாவதை அச்சன்புதூரில் அம்மா வீட்டில் பெற்றாள். சாமுவேல் கொழுகொழுவென்று வளர்ந்தான். கூட்டிப்போக வந்த ஞானதுரையிடம், அரங்குக் கூரையைப் பிரித்துக் கண்ணாடி ஓடு பதித்தால்தான் வருவேன், வெளிச்சம் வந்தாலும் பிள்ளையை அந்தப் படி தாண்ட விடமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். ஞானதுரை நல்லவன், சண்டைக்குப் பயந்தவன். சரி என்றான். செங்கோட்டை நம் ஜில்லாவோடு சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அங்கே ரயிலில் வந்திறங்கிய சீமை ஓட்டை மாட்டுவண்டிகளில் கொண்டுவந்து தெருவில் அடுக்கினான். கண்ணாடி ஓடுகள் தனியாக, வைக்கோல் வைத்துத் துணியில் பொதிந்து வந்திருந்தன.

ஓடு மாற்றுவது தனியாளாக ஆகிற காரியமில்லை. கோயில் சபைக்காரர்களும் தெருக்காரர்களும் ஒத்தாசைக்கு வந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் கிணறும் சகதியுமாகக் கிடந்ததால் அங்கே ஏணி சாத்த வழியில்லை. தெருவிலிருந்து முன்கூடமான பட்டாசாலை வழியாகக் கைமாற்றிக் கைமாற்றி அரங்குக்குள் கொண்டுபோய், அங்கே நிறுத்தியிருந்த ஏணியில் கூரைக்கு ஏற்றவேண்டும். வாசலில் சபைக்காரர்கள். பட்டாசாலையில் பக்கத்து வீட்டு ஹாஜரா பீவி. அரங்குப் படியில் ஜெபமலர். உள்ளே ஏணியடியில் வடிவம்மாள். ஏணியில் குத்தாலிங்கம் கொத்தனார், கூரைமேல் ஞானதுரை. பட்டாசாலையின் தெருவோர மூலையில் கூரையைத் தொடவில்லை. அங்கே சேலைத் தொட்டிலில் சாமுவேல் தூங்கினான். ஹாஜராவின் தோளுக்கு மேலாகத் தொட்டில் தெரிகிற மாதிரி ஜெபமலர் தன் இடத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“கையில என்ன இருக்குன்னு பாக்காதீய தாயி” என்று கொத்தனார் சொல்லிக்கொடுத்தார். “வாங்கு, திரும்பு, குடு. அம்புட்டுதான். கண்ணு போச்சுன்னா கை தடுமாறிரும்.”

காலையில் பழைய ஓடுகளை இறக்கினார்கள். ஒவ்வொரு ஓடும் கழல, அரங்குக்குள் வெளிச்சம் குடம் குடமாகக் கொட்டியது. அந்த அறையின் தரையை ஜெபமலர் முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. வெறும் அறை. புகைபடிந்த சுவரும் எலிப்புழுக்கையும். இதற்கா இத்தனை பயந்தோம் என்று இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் குற்றாலத்து மலை மறைந்தது. சாரல் பொடியாகத் தூவ ஆரம்பித்து, காற்றில் ஈரமண்ணும் அழுகிய இலையும் மணத்தன. புது ஓடுகள் மேலே ஏறின. ஏற ஏற வெளிச்சம் குறைந்தது. தான் பிடிவாதம் பிடித்து வாங்கிய வெளிச்சத்தைத் தன் கையாலேயே ஓடு ஓடாக எடுத்துக்கொடுத்து அடைக்கிறோமே என்று அவளுக்கு ஒரு நினைப்பு. கண்ணாடி ஓட்டைக் கடைசியில்தான் பதிப்பார்கள். அந்த இடத்தைக் கொத்தனார் காலியாக விட்டு, மழைக்குச் சாக்கைப் போட்டு மூடியிருந்தார்.

வாங்கினாள், திரும்பினாள், கொடுத்தாள். தோள் மரத்துப்போய், கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. வடிவம்மாள் ஒவ்வொரு ஓட்டையும் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டிருந்தாள். நாத்தி கோபம் ஓட்டிலும் தெரியாமலா போகும்? காய்த்துப்போன, சூடான கை. ஒவ்வொரு தடவையும் நகம் படும்.

எப்போது அது நின்றது என்று ஜெபமலருக்குத் தெரியாது. கை ஓட்டுக்கு அடியில் வந்து, ஏந்தி, பொறுமையாக வாங்கிக்கொண்டு போனது. மறுபடி ஏந்தியது. அந்தப் பொறுமைதான் உறுத்தியது. மதினிக்கு ஏது இத்தனை பதவிசு?

அப்போது அடுப்பங்கரையிலிருந்து வடிவம்மாளின் குரல் கேட்டது. காப்பிக்கு வைத்த தண்ணீரை யாரோ இறக்கிவிட்டதாக ஏசிக்கொண்டிருந்தாள். அரங்கிலிருந்து அடுப்பங்கரைக்கு ஒரு சின்ன வழி உண்டு. அதன் வழியாகப் போயிருக்கவேண்டும். அப்படியானால் சபைக்காரப் பெண் யாராவது அவள் இடத்தில் வந்து நின்றிருப்பாள். இத்தனை பேர் வந்திருக்கிறார்கள், எல்லாரையும் அவளுக்குத் தெரியுமா என்ன.

“உள்ள யாரு? மேரியக்காவா?”

இருட்டில் முகம் தெரியவில்லை. முழங்கைக்கு மேலே ஒன்றுமே தெரியவில்லை. உள்ளங்கைகள் மட்டும் காத்திருந்தன. விரல்கள் ஈரமாக, குளிர்ந்து, கிணற்றுச் சுவர் மாதிரி இருந்தன. சுக்கும் நல்லெண்ணெயும் மணத்தது.

கையை உதறிவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்தாள். நினைத்ததுதான். ஓட்டைப் போட்டு உடைத்தாள், பைத்தியக்காரி என்று வடிவம்மாள் தெருவெல்லாம் சொல்வாள். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு அச்சன்புதூருக்கே அனுப்பினாலும் அனுப்புவாள். இன்னும் கொஞ்சம்தான். கண்ணாடி ஓடு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஹாஜராவின் தோளுக்கு மேலே பார்த்தாள். தொட்டில் கனத்துத் தொங்கியது. சரி. வாங்கினாள், திரும்பினாள், கொடுத்தாள்.

திடீரென்று மழை. சாரல் இல்லை, மழை. புது ஓட்டில் விழுந்து காதை அடைத்தது. வாசலில் ஆட்கள் கூச்சலிட்டார்கள். பட்டாசாலை இருண்டது. ஹாஜரா ஏதோ சொன்ன மாதிரி இருந்தது, கேட்கவில்லை. எதிரில் நின்ற உருவம் மங்கலாகி, இருட்டோடு இருட்டானது. தொட்டில் தெரியவில்லை.

ஆனால் ஓடு வந்தது.

வாங்கினாள். திரும்பினாள். கொடுத்தாள். மழைக்கும் நிறுத்தாமல் வேலை செய்கிறார்களே, நல்ல மனுஷர்கள். இந்தப் பக்கக் கையும் இப்போது ஜில்லென்று இருந்தது. மழையில் நனைந்த கை, வேறென்ன.

மேலும் ஒன்று. மேலும்.

போதும் என்று சொல்ல வாய் திறந்தாள்.

“பைய… கண்ணாடி.”

பட்டாசாலைப் பக்கமிருந்து குரல். ஆணா பெண்ணா தெரியாத குரல். காதுக்கு ரொம்பக் கிட்டத்தில்.

கண்ணாடி ஓடு! அவளுக்கு உயிர் வந்தது. துணிப்பொதி கைக்கு வந்தது, மெத்தென்று இருந்தது. வைக்கோல். பத்திரமாக நெஞ்சோடு ஒரு நொடி அணைத்துக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். வெளிச்சம் வரப்போகிறது. திரும்பினாள். படிக்கு உள்ளே நீண்ட கைகளில் வைத்தாள். அந்தக் கைகள் ஏந்தின. மெதுவாக உள்ளே போயின.

அப்பாடா.

மழை கொஞ்சம் தணிந்தது. தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஹாஜராவின் சிரிப்பு.

ஜெபமலர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எதிர்வீட்டுக் கூரையடியில் எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். சபைக்காரர்கள். ஹாஜரா பீவி. குத்தாலிங்கம் கொத்தனார். தலையில் துண்டோடு ஞானதுரை. கையில் காப்பித் தம்ளரோடு வடிவம்மாள்.

“ஏட்டி, நீ தனியா உள்ள என்ன பண்ணுத?” என்று ஞானதுரை கத்தினான். “மழை புடிச்சதுமே நிப்பாட்டியாச்சுல்லா. நாங்க கூரையிலேருந்து தெருப்பக்கமா இறங்கிட்டோம்.”

“உன்னையும்தான் கூப்புட்டேன் புள்ள, காதுல விழலையா?” என்றாள் ஹாஜரா.

“கண்ணாடி ஓடு…” என்றாள் ஜெபமலர். “இப்பத்தான குடுத்தேன். கண்ணாடி ஓட்டை.”

ஞானதுரை சிரித்தான். மழையில் நின்ற வண்டியைக் காட்டினான்.

“அதை இன்னும் அவுக்கவே இல்ல. அந்தா கெடக்கு பாரு.”

வண்டியில், தார்ப்பாய்க்கு அடியில், துணிப்பொதிகள். கட்டு அவிழாமல்.

வடிவம்மாள் மட்டும் ஜெபமலரின் வெறும் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்ளரிலிருந்து காப்பி வழிந்துகொண்டிருந்தது.

ஜெபமலர் திரும்பி ஓடினாள். தொட்டில் காற்றில் ஆடியது. லேசாக. சேலை மட்டும்.

கத்தினாளா? தெரியாது. அரங்குப் படி. ஏணி. அதில் யாருமில்லை. மேலே சாக்கின் ஓரத்தில் ஒழுகிய சாம்பல் வெளிச்சம். அதில் பார்த்தாள்.

பின்சுவர் இல்லை.

சுவர் இருந்த இடத்தில் கைகள். இரண்டிரண்டாக. வரிசையாக. முகமில்லாத, தோளில்லாத கைகள். உள்ளே, இன்னும் உள்ளே, கிணறு இருக்கவேண்டிய இடத்தையும் தாண்டி. வாங்கின. திரும்பின. கொடுத்தன. எதுவும் அவசரப்படவில்லை. வெகு தொலைவில், கையிலிருந்து கைக்கு, துணிப்பொதி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு சின்னப் பாதம் வெளியே தெரிந்தது. அது உதைத்துக்கொண்டிருந்தது. அழுகைச் சத்தம் இல்லை.

“சாமு” என்றாள்.

பொதி இன்னொரு கைக்கு மாறியது. பிறகு தெரியவில்லை.

படிக்கு அருகில் இருந்த முதல் இரண்டு கைகள் காலியாகத் திரும்பின. அவளை நோக்கி நீண்டன. உள்ளங்கைகள் விரிந்து, பொறுமையாக, அடுத்ததற்குக் காத்திருந்தன.