நான்கு விரல் மேலே

ரயில் நிலைய வாசலில் இளையவள் வந்து நின்ற ஒரு நிமிடத்துக்குள் குடைக்காரி அவளைக் கண்டுகொண்டாள். கூட்டத்தை விலக்கி, "வந்துட்டியாடி!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். அப்படிக் கண்டுகொண்டிருக்கவே முடியாது. ஒன்றரை வருடமாக இளையவள் அனுப்பிய படங்களில் ஒன்றுகூட அவளுடையது இல்லை.

எல்லாம் அக்காவின் படங்கள். ஜன்னலோரத் தொட்டிச் செடிகளுக்கான இணையக் குழு ஒன்றில் ஏற்பட்ட பழக்கம் இது. முகத்துக்குப் பதிலாக மஞ்சள் குடையைப் படமாக வைத்திருந்ததால் நூலகத்தில் வேலை பார்க்கும் அந்தப் பெண் இளையவளுக்குக் குடைக்காரி ஆனாள். "என் மூஞ்சியைக் காட்டிட்டேன், உன் மூஞ்சியைக் காட்டு" என்று ஒரு நாள் தன் படத்தை அனுப்பிவிட்டு அவள் கேட்டபோது அக்கா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. இளையவள் கண்ணாடியில் தன்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அக்காவின் போனை எடுத்து, அதிலிருந்து ஒரு படத்தை அனுப்பினாள். ஒரே ஒரு படம்தானே என்றிருந்தது. அதற்குப் பின்னாலேயே அக்காவின் நீலச் சேலை, அக்கா சொல்லும் வேடிக்கைக் கதைகள், அவளுடைய கிண்டல் என்று ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன.

நேரில் பார்த்ததும் சொல்லிவிட வேண்டும், காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ரயிலில் வழி நெடுக ஒத்திகை பார்த்திருந்தாள். காலையில் அம்மா, "பார்த்துப் போயிட்டு வா சின்னவளே, எனக்கு இனிமே நீ ஒருத்திதான்" என்று சொல்லி அனுப்பியபோதுகூட முகம் கொடுக்க முடியாமல் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டாள். இப்போது குடைக்காரியின் தோளில் முகம் புதைந்திருக்க, வேறு ஒன்று உறுத்தியது. கட்டிப்பிடித்த கைகள் அவள் முதுகில் படவில்லை. அவளுக்குப் பின்னால், இன்னும் சற்றுத் தள்ளி, எதையோ இறுக்கிக்கொண்டிருந்தன.

"படத்துல இருக்கிற மாதிரியே இருக்கே! வா, ஊரைச் சுத்திடலாம்."

படத்தில் இருப்பது போலவா? மரியாதைக்குச் சொல்கிறாளாக்கும், சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தபோது வந்த நிம்மதிக்காகவே இளையவளுக்குத் தன்னை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

இளையவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். வருகிறவர்களை எதிரே உட்காரவைத்து, இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பது அவள் பொறுப்பு. ஒருவர் பார்வை எங்கே விழுகிறது என்பது அவளுக்குச் சொல்லாமலே தெரியும். பழைய கடைத்தெருவில், ஈயம் பூசும் நெடியும் ஈரச் சாக்கின் வாடையும் கலந்து வர, சுத்தியல் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திக் குடைக்காரி ஒவ்வொரு கட்டடத்தின் கதையையும் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆனால் அவள் பார்வை இளையவளின் கண்ணில் ஒருமுறைகூட விழவில்லை. நெற்றிக்கு நான்கு விரல் மேலே விழுந்தது.

அக்கா அவளைவிட உயரம்.

சந்து முனையில் காப்பிக் கடை. குடைக்காரி இரண்டு காப்பி வாங்கி வந்து, ஒன்றைத் தனக்கும் இன்னொன்றை இளையவளுக்குப் பக்கத்திலிருந்த காலி நாற்காலியின் முன்னும் வைத்தாள். வைத்துவிட்டு அந்த நாற்காலியிடம் பேசினாள். நடுவில் பேச்சை நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இளையவள் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. பக்கத்திலிருந்து தைல வாசனை வந்தது. தலைவலி என்று அக்கா கடைசி மாதங்களில் நெற்றியில் அப்பிக்கொண்டே இருந்த தைலம்.

கடையில் யாரோ தலைவலிக்காரர் இருக்கலாம். ஊரில் ஒருத்தருக்குத்தானா தலைவலி வரும்? அந்தக் காப்பியை இளையவள் தொடவில்லை. எழுந்தபோது பார்த்தாள். பக்கத்துக் கோப்பை காலியாக இருந்தது.

ஆற்றுப்பாலத்தில் காற்று வீசியது. கைப்பிடியில் சாய்ந்து நின்ற குடைக்காரி திடீரென்று குரலைத் தாழ்த்தினாள்.

"தங்கச்சி ஞாபகம் வந்துடுச்சா? அவ இருந்திருந்தா அவளையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்."

இளையவளுக்கு உடம்பு கூசிப் போனது. இதைத்தான் அவள் யாரிடமும், தன்னிடமேகூட, சொல்லிக்கொள்ளாமல் மூடி வைத்திருந்தாள். ஒரு படத்தின் ஓரத்தில் அவளும் நின்றிருந்தாள். அந்தக் குட்டையான பெண் யார் என்று குடைக்காரி கேட்டிருந்தாள். மாட்டிக்கொள்ளும் பயத்தில் கை தானாகத் தட்டியது: என் தங்கச்சி, இறந்துட்டா. ஒரு மாதம் முழுக்கக் குடைக்காரி தினமும் விசாரித்தாள், நள்ளிரவில்கூட ஆறுதல் சொன்னாள். இளையவள் அதையெல்லாம் வாங்கிக்கொண்டாள். அக்கா இறந்தபோது யாரும் அவளுக்கு அவ்வளவு ஆறுதல் சொல்லியிருக்கவில்லை. அந்த ஆறுதல் அவளுக்குப் பிடித்திருந்தது.

அவள் உச்சந்தலையில் யாரோ மூச்சு விட்டார்கள். வெதுவெதுப்பாக. தைல வாசனையோடு.

காற்றுதான் என்று சொல்லிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியாக மணிக்கூண்டு. உச்சியில் ஊரையே பார்க்கும்படி ஒரு மாடம், ஏறுவதற்குக் கண்ணாடி மின்தூக்கி. வாசலில் இருந்த காவலாளி குடைக்காரி நீட்டிய இரண்டு சீட்டுகளையும் கிழித்தார். ஒரு பாதியைக் குடைக்காரியிடம் கொடுத்தார். மற்றொரு பாதியை இளையவளின் தலைக்கு மேலாக நீட்டினார். அவள் கையைத் தூக்குவதற்குள் அது அவர் விரல்களிலிருந்து போய்விட்டது. கீழே விழவில்லை. ஒரு சேலையின் தலைப்பு அவள் காதை உரசிக்கொண்டு போனது. நீலம்.

மின்தூக்கி ஏறியது. இளையவள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். குடைக்காரியின் செருப்பு. தன் செருப்பு. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு பாதங்கள். செருப்பில்லாமல். பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த துணி அவிழ்ந்து, ஒரு காலில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

மாடத்தில் வேறு யாரும் இல்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று அவளுக்குப் பட்டது. சொன்னால் பின்னால் இருப்பது போய்விடும் என்றும் பட்டது. ஆனாலும் சொன்னாள்.

"அது நான் இல்ல. அந்தப் படம் எல்லாம் என் அக்கா. செத்துப்போனது அவதான். நான்தான் தங்கச்சி. நான் உயிரோடதான் இருக்கேன். உன்னை ஏமாத்திட்டேன். மன்னிச்சிடு."

குடைக்காரி நான்கு விரல் மேலே பார்த்தபடி காத்திருந்தாள். பிறகு முகம் மலர்ந்தது. "ஆமாடி, நேரமாயிடுச்சு. உனக்கு ரயில் இருக்குல்ல?"

"நான் சொல்றது கேக்குதா?" இளையவள் அவள் கையைப் பிடித்தாள். குடைக்காரி குளிர்ந்த காற்று பட்டவளாகக் கையை இழுத்து, முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. இளையவளின் போன். அம்மாவுக்கென்று அவள் வைத்திருந்த மணிச்சத்தம். தோளில் கை வைத்தாள். போன் வைத்திருந்த கைப்பை அங்கே இல்லை. மணிச்சத்தம் பின்னாலிருந்து வந்தது.

நின்றது.

"சொல்லும்மா" என்றது அக்காவின் குரல். "கிளம்பிட்டேன். இதோ, ரயிலுக்குத்தான் போறேன்."

அமைதியான அந்த மாடத்தில் அம்மாவின் பதில் சின்னதாக, தெளிவாகக் கேட்டது. இரண்டு வருடமாக இளையவள் கேட்டிராத சந்தோஷம் அந்தக் குரலில் இருந்தது.

"பார்த்து வா பெரியவளே. எனக்கு இருக்கிறது நீ ஒருத்திதான்."

"அம்மா!" என்று இளையவள் கத்தினாள். "அம்மா, நான் இங்க இருக்கேம்மா!"

போன் வைக்கப்பட்டது. நீலச் சேலை அவளைக் கடந்து முன்னால் நடந்தது. தோளில் அவள் கைப்பை. குடைக்காரி அந்தத் தோளில் கை போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் மின்தூக்கிக்குள் போனார்கள். இளையவள் ஓடினாள். கதவு மூடிக்கொண்டது. பொத்தானை அழுத்தினாள். விரலுக்கு அது அமுங்கவில்லை. மறுபடி. மறுபடி.

கண்ணாடிப் பெட்டி மெல்ல இறங்கியது. குடைக்காரி வெளியே எதையோ காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அக்கா அதைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். ஒரு கண்ணில் மட்டும் இமை சரியாக மூடாமல், அன்று கூடத்தில் கிடத்தியிருந்தபோது இருந்த அதே முகம். காலையிலிருந்து அந்த ஊரில் யாருடைய பார்வையும் இளையவளின் மேல் விழவில்லை. இப்போது விழுந்தது. கருவிழிக்கு நேரே கருவிழி. ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை. பெட்டி தரையைத் தொடும்வரை அக்கா கண்ணை எடுக்கவேயில்லை.