பச்சை அணைந்த மதியம்

முற்பகல் சங்கு ஊதியதும் தூண்நகரின் ஜன்னல்கள் எல்லாம் தாமாகவே மூடிக்கொண்டன. எண்ணூரில் கடல் உள்ளே ஏறிய பிறகு, பழைய தெருக்கள் இருந்த இடத்தில் உயரமான தூண்கள்மேல் கட்டிய அடுக்ககங்கள்தான் தூண்நகர். சங்கு ஊதினால் வெந்நேரம் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தி சாயும்வரை வெயிலங்கி இல்லாமல் யாரும் வெளியே இறங்கமாட்டார்கள். சுவர்களுக்குள் ஓடும் செப்புக் குழாய்களில் குளிர்நீர் சலசலக்கும். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை வீட்டுக்குள் உயிர் வாழலாம்.

வாசல் நிலைக்கு மேலே சிறிய பச்சை விளக்கு எரிந்தது. "வீடு பாதுகாப்பானது. உரிமையாளரின் கடமை நிறைவேறியது" என்றது சுவரில் பதித்திருந்த சுவர்மதி என்ற காவல்கருவி. வாடகைக்கு விடப்பட்ட ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நாளும் இந்தக் குரல் கேட்கும்.

ஜெனிட்டா ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தாள். அடுப்பை ஒட்டிச் சுவரிலிருந்து வெளியே வளைந்து வரும் குளிர்க்குழாயின்மேல் முழங்கை படாதபடி ஒருக்களித்து நின்று சோற்றை வடித்தாள். மாசி மாதத்திலிருந்து அவள் தன் வீட்டுக்குள்ளேயே இப்படித்தான் நடமாடுகிறாள். மாசியில்தான் அவள் கணவன் அருள்தாஸ் அந்தக் குழாயைப் பிடித்தபடி விழுந்து இறந்தான். அவன் விழுந்தபோதும் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அந்தப் பச்சையை வைத்தே விசாரணை முடிந்தது. சுவர்மதி ஒவ்வொரு நொடியும் வீட்டின் மின்சுற்றுகளைச் சோதிக்கிறது. அது பச்சை காட்டிய நேரத்தில் விபத்து நடந்தால், அது வாடகைதாரரின் தவறு. வீட்டு உரிமையாளர்கள் வயரிங்கைப் பார்க்காமலே இருந்ததும், ஆய்வாளர்கள் வாசற்படி ஏறாமலே கையெழுத்துப் போட்டதும் நடந்த காலத்துக்குப் பிறகு வந்த சட்டம் அது. லஞ்சம் வாங்காத, தூங்காத ஒரு கண் வேண்டும் என்று வாடகைதாரர்களே போராடி வாங்கிய சட்டம். அது பல உயிர்களைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அந்தக் கண் பார்த்ததற்கு மேல் வேறு எதுவும் சாட்சியமாகாது என்றும் அதே சட்டம் சொன்னது.

அன்று மதியம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மின்காப்பு ஆணையத்தின் ஆய்வாளர் திருவரசன். வாடகைதாரர் திரும்பத் திரும்பப் புகார் கொடுத்தால், நேரில் போய்ப் பேசிப் புகாரை முடித்து வைப்பது அவர் வேலை. மற்றவர் கட்டடத்தின் உரிமையாளரான வெண்கூரை நிறுவனத்தின் மேலாளர் வைத்தீஸ்வரன். இருவரும் வெயிலங்கியைக் கழற்றி வாசலில் மாட்டினார்கள்.

"அம்மா, நீங்க குடுத்த புகார் எல்லாத்தையும் பாத்தேன்" என்றார் திருவரசன். "ஒவ்வொரு தடவையும் சுவர்மதி சரியாத்தான் இருக்குன்னு சொல்லியிருக்கு."

"சார், ஷாக் சுவருக்கா அடிக்குது? எனக்கு அடிக்குது. மத்தியானம் ஆனா குழாய்கிட்ட போக முடியல. சுரீர்னு இழுக்குது."

"உடம்பு சொல்றத நாங்க ஏத்துக்க முடியாதும்மா. சட்டம் அப்படி."

"செத்த உடம்பு சொன்னாக்கூடவா?"

வைத்தீஸ்வரன்தான் பதில் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் தரையைத் துடைச்சிட்டு, ஈரக் காலோட குழாயைப் பிடிச்சிருக்கார். தீர்ப்பே வந்தாச்சு. நாங்க மனிதாபிமானத்துல உங்களை இன்னும் இங்க குடியிருக்க விட்டிருக்கோம். புகாரை வாபஸ் வாங்குங்க. நல்லபடியா இருக்கலாம்."

ஜெனிட்டா சமையலறைக் கதவை அகலத் திறந்தாள். தரையை அவள் சற்றுமுன்தான் ஈரத்துணியால் துடைத்திருந்தாள்.

"வீடு பாதுகாப்பானதுன்னு சொல்றீங்கல்ல? செருப்பைக் கழட்டிட்டு வாங்க. இந்தக் குழாயைத் தொடுங்க. தொட்டுட்டீங்கன்னா நான் வாபஸ் வாங்கிக்கறேன், வீட்டையும் காலி பண்ணிடறேன்."

வைத்தீஸ்வரன் சிரித்தார். சிரித்தபடியே ஓரடி பின்னால் நகர்ந்தார். இதற்காகத்தான் அவள் மாசியிலிருந்து காத்திருந்தாள். பின்வாங்குகிற அந்த ஓரடி போதும் அவளுக்கு. அதை ஆய்வாளரின் கண்முன்னால் நடத்திக் காட்டவேண்டும் என்பதுதான் அவள் போட்டிருந்த திட்டம்.

ஆனால் திருவரசன் குனிந்து ஷூவைக் கழற்றத் தொடங்கினார்.

"நான் தொடறேம்மா" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. "பதினாறு வருஷமா இந்தப் பச்சையை நம்பித்தான் ஜனங்களுக்குப் பதில் சொல்லிட்டிருக்கேன். உங்க பயம் போகணும்னா தொட்டுக் காட்டறதுல எனக்கு ஒண்ணுமில்ல."

வெறுங்காலுடன் ஈரத்தரையில் கால்வைத்தார். கையை நீட்டினார். அருள்தாசும் இப்படித்தான், ஏதோ பேசிக்கொண்டே, குழாயின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினான். ஜெனிட்டா பாய்ந்து அவர் தோளில் இரண்டு கையாலும் ஓங்கித் தள்ளினாள். அவர் தடுமாறி அலமாரியில் மோதித் தரையில் உட்கார்ந்தார். மேலே இருந்த பாத்திரங்கள் உருண்டன.

"ஆணைய அதிகாரி மேலயே கை வெக்கறியா?" என்று கத்தினார் வைத்தீஸ்வரன்.

ஜெனிட்டா அவரைப் பார்க்கவே இல்லை. அவளுக்கு மூச்சு வாங்கியது. "என் வீட்டுக்காரரும் நம்பித்தான் சார் தொட்டாரு" என்றாள் திருவரசனிடம்.

திருவரசன் எழுந்து, ஷூவை மாட்டிக்கொண்டு, பையின் அடியிலிருந்து ஒரு டெஸ்டரை எடுத்தார். வேலையில் சேர்ந்த புதிதில் கொடுத்தது. சுவர்மதி வந்தபின் யாரும் அதைக் கேட்டதில்லை. அதன் முனையைக் குழாயில் வைத்தார். டெஸ்டருக்குள் இருந்த சின்ன விளக்கு, அவர் விரல்களுக்கு நடுவே, நன்றாக எரிந்தது.

வாசலில் பச்சையும் எரிந்தது.

"ரெண்டும் பொய் சொல்லல" என்றார் அவர் மெதுவாக. "இந்த வீட்டுச் சர்க்யூட்ல கோளாறு இல்ல. கரண்டு வெளியிலேருந்து குழாய் வழியா வருது. கீழ இருக்கற குளிர்நீர் பம்ப் மோட்டார்லேருந்து." அவர் வைத்தீஸ்வரன் பக்கம் திரும்பினார். "பம்ப் அறையை யார் சோதிக்கறாங்க?"

"அது வாடகை வீடு இல்லையே சார். சட்டம் வாடகை வீட்டுக்குத்தானே?"

"அப்போ அங்க சுவர்மதி இல்ல."

"இருக்கணும்னு சட்டத்துல இல்ல."

"பூட்டைத் திறங்க, பாக்கணும்."

"பச்சை எரியற கட்டடத்துல எந்தப் பூட்டையும் திறக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது. உங்களுக்கே தெரியும்."



"பச்சை எரியலன்னா?" என்று கேட்டாள் ஜெனிட்டா.

"ஒரு வீடு அணைஞ்சா போதாதும்மா. மொத்தக் கட்டடமும் அணையணும். அப்போ இந்தக் கட்டடத்துக்குச் சான்றே இல்லாம போயிடும். நான் பூட்டை உடைக்கலாம்." சொல்லிவிட்டு உடனே சேர்த்தார்: "ஆனா வெந்நேரத்துல மெயினை அணைக்கறது ஒப்பந்த மீறல். உங்களை வெளியேத்தலாம். வெயில் உயிரைக்கூட எடுக்கும்."

ஜெனிட்டா நடைக்கு வந்து மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்தாள். பச்சை அணைந்தது. விசிறி சுற்றி நின்றது. குழாயில் சலசலப்பு மட்டும் நிற்கவில்லை. மற்ற வீடுகள் குளிர் கேட்டுக்கொண்டிருக்கும்வரை பம்ப் ஓடும்.

அவள் கதவு கதவாகத் தட்டினாள். திருவரசன் டெஸ்டருடன் பின்னால் வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் குழாயில் வைத்துக் காட்டினார். சில வீட்டில் விளக்கு மங்கலாக எரிந்தது, சில வீட்டில் பளிச்சென்று. எங்கள் குழாயைத் தொட்டாலும் சுரீரென்றது, வேர்வையால் என்று நினைத்தோம் என்றார்கள் சிலர். புகார் கொடுத்தால் வெளியேற்றிவிடுவார்களோ என்று பயந்ததாக ஒருத்தி சொன்னாள். பலர் உடனே அணைத்தார்கள். ஒருவர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார். டெஸ்டர் எரிந்ததைப் பார்த்த அவர் மனைவி உள்ளே போய் அணைத்துவிட்டு வந்தாள்.

மேல்தளத்தில் ரஹ்மத் மட்டும் கதவை மறித்து நின்றாள். அவள் அத்தாவுக்கு இதயம் பலவீனம்.

"என்னக்கா கேக்கறீங்க? இந்த வெயில்ல குளிர் இல்லாம அத்தாவை எங்க வெச்சுக்கறது? உங்க வீட்டுல ஒரு சாவு விழுந்துச்சுன்னு எங்க வீட்டுல ஒண்ணு விழணுமா?"

ரஹ்மத் கேட்டது நியாயம் என்று ஜெனிட்டாவுக்குத் தெரிந்தது. "தெரியலம்மா" என்றாள். "உன் வீட்டுப் பச்சை எரியற வரைக்கும் பம்ப் ஓடும். பம்ப் ஓடற வரைக்கும் என் வீட்டுக் குழாய்லயும் உன் வீட்டுக் குழாய்லயும் அது இருக்கும். உன்னை வற்புறுத்த எனக்கு வாயில்ல. தூணுக்கு அடியில நிழல் இருக்கு, கடல் தண்ணி இருக்கு. அத்தாவை நாங்க தூக்கிட்டு வரோம். முடியலன்னா சொல்லு, அந்த நிமிஷமே எல்லாரும் மேல வந்து மெயினைப் போட்டுடறோம்."

உள்ளேயிருந்து கிழவரின் குரல் வந்தது. "எந்தக் குழாய்ல ரஹ்மத்து? நான் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கறேனே, அதுலயா?"

ரஹ்மத் திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு அவளே மெயினை இழுத்தாள்.

சலசலப்பு நின்றது. அந்தக் கட்டடத்தில் வெந்நேரத்தில் அப்படியொரு அமைதியை யாரும் கேட்டதில்லை. கிழவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு எல்லோரும் படியிறங்கினார்கள். வைத்தீஸ்வரன் நடுப்படியில் நின்று கத்தினார்: "அணைச்சவங்க அத்தனை பேரும் காலி பண்ணணும்! ஒருத்தரையும் விடமாட்டோம்!"

"எல்லாரையும் காலி பண்ணிட்டு யாருக்குய்யா வாடகைக்கு விடுவ?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "சான்றில்லாத கட்டடத்துக்கு எவன் வருவான்?"

தூண்களுக்கு அடியில் முழங்கால் அளவு கடல்நீர் நின்றது. அனல் முகத்தில் அறைந்தது. துணியை நனைத்துக் கிழவரின் தலையிலும் நெஞ்சிலும் போட்டார்கள். ரஹ்மத் அவர் மணிக்கட்டை விடவே இல்லை.

திருவரசனின் கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. உடனே திரும்பி வரவேண்டும் என்று ஆணையத்திலிருந்து உத்தரவு. அவர் அதை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, ஓர் இரும்புக் கம்பியால் பம்ப் அறையின் பூட்டை நெம்பினார். கதவு திறந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மோட்டாரின் உறை உப்புக்காற்றில் அரித்து, உள்ளே வயர் உரசிக்கொண்டிருந்தது. கசிவை மண்ணுக்கு இறக்கவேண்டிய எர்த் கம்பி பாதியிலேயே பொடிந்து தொங்கியது. எந்தக் கண்ணும் பார்க்காத இடத்தில் அது எப்போது அறுந்தது என்று யாருக்கும் தெரியாது.

வைத்தீஸ்வரனின் குரல் இறங்கிவிட்டது. நிறுவனத்தோடு பேசிவிட்டு வந்து, "இன்னிக்கே மோட்டாரை மாத்திடறோம். புது எர்த் போடறோம். யாரையும் காலி பண்ணச் சொல்ல மாட்டோம். தயவுசெஞ்சு எல்லாரும் மெயினைப் போட்டு, சான்றுக்கு ஒத்துக்கங்க" என்றார். ஆட்கள் வந்தார்கள். திருவரசன் பக்கத்திலேயே நின்று புதுக் கம்பி இறங்குவதைப் பார்த்தார். வேலை முடிந்ததும் ஜனங்கள் எழுந்தார்கள்.

ஜெனிட்டா எழவில்லை.

"என் வீட்டுக்காரர் சாவுக்கு வாடகைதாரர் தவறுன்னு தீர்ப்பு வெச்சிருக்கீங்களே, அது?"

"அது தனி விஷயம்மா. சட்டத்துறை பாக்கணும். நாளாகும்" என்றார் வைத்தீஸ்வரன்.

"எனக்கு அது ஒண்ணுதான் விஷயம். அது மாறாம என் வீட்டு மெயினை நான் போடமாட்டேன். போன சான்று திரும்ப வரணும்னா எல்லா வீடும் எரியணும், ஒரு வீடு இருட்டா இருந்தாலும் உங்க கட்டடத்துக்குச் சான்று கிடையாதுல்ல, சார்?"

"கிடையாது" என்றார் திருவரசன்.

ரஹ்மத் தன் அத்தாவைப் பார்த்தாள். அவர் உதடு வெளுத்திருந்தது. "அத்தா, நாம மேல போயிடலாம்" என்றாள். கிழவர் ஈரத்துணியை நெற்றியில் இழுத்துவிட்டுக்கொண்டார். "அந்த ஜெனிட்டா புள்ள மொதல்ல போகட்டும். அப்புறம் போலாம்" என்றார். எழுந்தவர்கள் ஒவ்வொருவராக மறுபடியும் தண்ணீரில் உட்கார்ந்தார்கள்.

வெயில் சாயத் தொடங்கியபோது நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆணையத்தின் பதிவில் ஏற வேண்டியதைத் திருவரசன் நின்றுகொண்டே வாசித்தார். "அருள்தாஸ் எந்தத் தவறும் செய்யவில்லை. கட்டடத்தின் உரிமையாளர் தன் கடமையைச் செய்யத் தவறியதால் அவர் இறந்தார்."

"இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்றாள் ஜெனிட்டா. "சத்தமா."

அவர் சத்தமாகச் சொன்னார். தூண்களுக்கிடையே அது எதிரொலித்தது. மாசியிலிருந்து அவள் யார் முன்னாலும் அழுததில்லை. இப்போது அத்தனை பேர் நடுவிலும், முகத்தை மூடாமல் அழுதாள். ரஹ்மத் ஒரு கையால் அத்தாவையும் மறு கையால் அவளையும் பிடித்துக்கொண்டாள்.

அந்திச் சங்கு ஊதியது. எதிர் அடுக்ககத்தின் ஜன்னல்கள் திறந்தன. மதியம் முழுக்க இந்தக் கட்டடம் இருண்டு கிடந்ததை அங்கிருந்தவர்கள் மூடிய கண்ணாடி வழியே பார்த்திருக்கவேண்டும். ஒவ்வொரு ஜன்னலிலும் தலைகள் தெரிந்தன. ஒரு பெண் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினாள்.

"அக்கா! என்னக்கா ஆச்சு அங்க?"

"எங்க பம்ப் மோட்டார்லேருந்து கரண்டு கசிஞ்சிருக்கு! யாரும் பாக்கவே இல்ல!" என்று பதிலுக்குக் கத்தினாள் ஜெனிட்டா.

அந்தப் பெண் சற்றுத் தயங்கினாள். "எங்க பம்ப்பை யாருக்கா பாக்கறாங்க?"

ஜெனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகி, தண்ணீரைக் கடந்து எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கினாள். திருவரசன் டெஸ்டரை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

"யாரும் பாக்கறதில்ல" என்று ஜெனிட்டா அண்ணாந்து கத்தினாள். "இறங்கி வாங்க. எல்லாரும் வாங்க. நாமளே பாத்துடுவோம்."