தொடாத குழாய்களுக்கு ஒரு கட்டு

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, பாலத்தின் ஏற்றத்தில், அந்த வெள்ளை வாடகைக் கார் நின்றது. முதலில் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் ஒரு சத்தம். பிறகு ஒரு முனகல். பிறகு ஒன்றுமில்லை. பட்டறையிலிருந்து கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

கயிறு கட்டி இழுத்துவந்து பட்டறைக்குள் விடுவதற்குள் டாக்ஸி ஸ்டாண்டில் தீர்ப்பே சொல்லியாகிவிட்டது. பெரியவர் சாவதற்கு முன் அந்த வண்டியில் ஏதோ மாற்றி வைத்தாரே, அதுதான் எஞ்சினைத் தின்றுவிட்டது என்று.

பட்டறையில் அண்ணனும் தம்பியும் மெக்கானிக்குகள். ஊருக்கு அவர்கள் பெரியவர், சின்னவர். பெரியவர் நோயில் படுத்து இறந்து இரண்டு மாதம் ஆகிறது. அவருடைய மனைவி ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துப் பிழை திருத்துபவள். விஷயம் காதுக்கு வந்ததும், பாதி படித்த தாளின் மேல் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து நடந்தாள்.

பெரியவர் மாற்றி வைத்தது ஆயில் ஃபில்டரை. அந்த வகைக் காரில் அது எஞ்சினுக்குப் பின்னால், கொதிக்கும் சைலன்சர் குழாய்க்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கும். வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துக் கையை மேலே விட்டுத்தான் கழற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் முழங்கைக்குக் கீழே ஒரு சூடு நிச்சயம். நான்கு மாதத்துக்கு முன், உடம்பு தளர்ந்துகொண்டிருந்த நாளில், அவர் அந்த இடத்தில் ஒரு தகட்டைப் பொருத்தி, அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்களை முன்பக்கம் கொண்டுவந்து, ஹெட்லைட்டின் அருகே ஃபில்டரை மாட்டினார். ஒரு குழாயில் அழுக்கு ஆயில் ஃபில்டருக்கு வரும். மற்றதில் சுத்தமான ஆயில் எஞ்சினுக்குத் திரும்பும். யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் தனியாகவே செய்தார்.

பட்டறையில் மூன்று பேர் நின்றார்கள்: காரின் முதலாளி, காரை ஓட்டியவன், சின்னவர். ஓட்டியவனுக்கு விசில் என்று பெயர். சும்மா இருக்கும்போதெல்லாம் விசிலடிப்பான். இன்று அடிக்கவில்லை.

"வாங்கம்மா," என்றார் முதலாளி. "செத்தவரைக் குறை சொல்றது பாவம்தான். ஆனா எஞ்சினும் செத்துப்போச்சே. மத்த ரெண்டு வண்டியையும் வேற இடத்துல விடலாம்னு இருக்கேன். ஏன்னு கேக்கறவங்களுக்குக் காரணத்தையும் சொல்லித்தானே ஆகணும்?"

"என்ன காரணம்?"

"குழாய் எங்கயாச்சும் லூசாகி ஆயில் கசிஞ்சிருக்கும். வேற என்ன?"

சின்னவர் கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டே பேசினார். "விடுங்க அண்ணி. கடைசில அவருக்கு இடம் வலமே புரியல. சட்டையக்கூடத் திருப்பிப் போட்டுக்கிட்டு நின்னாரே. அவர் மேல தப்பில்ல, சீக்கு பண்ணின வேலை. எஞ்சினை நான் பாத்துக்கறேன். போனவருக்கு இனிமே என்ன வரப்போகுது?"

"போனவருக்கு ஒண்ணும் வராது. அவர் பேர் எனக்கு வேணும்."

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பானெட்டருகே போனாள்.

"விசிலு, ஆயில் அளக்கற கம்பியை எடு."

எடுத்தான். நேற்று மாலைதான் சின்னவர் ஆயில் மாற்றியிருந்தார். கம்பியில் மேல்கோடு வரை ஆயில் பளபளத்தது. அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. குழாய்களைத் தடவிய விரலைப் பார்த்தாள். ஈரமில்லை.

"கசிவு எங்கங்க?" என்றாள் முதலாளியிடம். "உடம்பு நிறைய ரத்தம் இருக்கு. ஆனா ரத்தமில்லாம செத்தவன் மாதிரி கெடக்கு."

முதலாளி தாடையைச் சொறிந்தார்.

"விசிலு, ஆயில் இல்லேன்னா எரியற சிவப்பு விளக்கு எரிஞ்சுதா?"

"தெரியலக்கா."

"தெரியலையா, பாக்கலையா?"

"அது சும்மா சும்மா கண்ணைச் சிமிட்டும். தொந்தரவா இருக்கேன்னு பிளாஸ்திரி ஒட்டிட்டேன்."

"எப்ப?"

"போன வருசம்."

"நல்லா ஒட்டினே போ," என்றார் முதலாளி. "முதல்ல உன் வாயில ஒண்ணு ஒட்டியிருக்கணும்."

"காலைல பானெட்டைத் திறந்தியா?" என்றாள் அவள்.

"தண்ணி ஊத்தினேன்."

"இந்தக் குழாயைத் தொட்டியா?"

"எனக்கு ஸ்டியரிங் தெரியும், ஹாரன் தெரியும். அதெல்லாம் இவங்க சொத்துக்கா."

அவள் சின்னவரிடம் திரும்பினாள். "நேத்து என்ன வேலை பண்ணினே தம்பி?"

"ஆயில் மாத்தினேன், ஃபில்டர் மாத்தினேன். அண்ணன் இடம் மாத்தின பிறகு இதான் முதல் சர்வீஸ்."

"குழாயைக் கழட்டினியா?"

"குழாயை எதுக்கு அண்ணி கழட்டணும்? ஃபில்டரை பாட்டில் மூடி மாதிரி திருகினா கையோட வந்துடும். அதுக்குத்தானே முன்னாடி கொண்டுவந்து வச்சாரு."

நியாயமான பதில். அவள் தலையசைத்தாள்.

பிறகு குழாய்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். எஞ்சினிலிருந்து ஃபில்டர் வரை அவை தண்டவாளம்போல நேராக, நாலு விரல் இடைவெளி விட்டுப் போயின. ஒவ்வொன்றின் நடுவிலும் சைக்கிள் டியூப் துண்டு ஒன்று சுற்றி மெல்லிய கம்பியால் கட்டியிருந்தது. கம்பியின் முனை கையைக் கீறாதபடி உள்பக்கம் மடித்துவிட்டிருந்தது. அது அவருடைய கட்டு. வீட்டில் கொடிக்கயிறு வரைக்கும் அவர் அப்படித்தான் கட்டுவார். இரண்டு டியூப் துண்டுகளும் ஓரிடத்தில் தேய்ந்து வழுவழுவென்றிருந்தன.

"இது எதுக்கு?"

"உரசி ஓட்டை விழாம இருக்க," என்றார் சின்னவர்.

"எதோட உரசி?"

சின்னவர் குனிந்து பார்த்தார். குழாய்களின் நடுப்பகுதியைச் சுற்றி வெறும் காற்றுதான் இருந்தது. 

அவள் குழாய் முனைகளை இறுக்கியிருந்த நான்கு கிளிப்புகளையும் பார்த்தாள். எஞ்சின் பக்கத்து இரண்டிலும் புழுதியும் ஆயிலும் சேர்ந்து புற்றுமண்போல அப்பியிருந்தது. ஃபில்டர் பக்கத்து இரண்டும் துடைத்த பாத்திரம்போல இருந்தன; திருகின் வாயில் புதுக் கீறல் மின்னியது.

கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"தம்பி, எதுத்தாப்புல வந்து நில்லு. வலது கையை நீட்டு."

அவர் நீட்டினார். அவளும் தன் வலது கையை நீட்டி அதைப் பிடித்தாள்.

"முதலாளி, எங்க கை நேராப் போகுதா, குறுக்கே போகுதா?"

"குறுக்கே."

"எதிரெதிரா நிக்கறவங்க வலதும் வலதும் சேரணும்னா குறுக்கேதான் போகணும். நேரா நீட்டினா என் வலது இவன் இடதுலதான் போய் முட்டும். எஞ்சின்ல இருக்கற தகடும் இந்த ஃபில்டரும் அப்படி எதிரெதிராத்தான் நிக்குது. இந்த ரெண்டு குழாயும் நாலு மாசம் ஒண்ணு மேல ஒண்ணு குறுக்கே கிடந்திருக்கு. தொடற இடத்துலதான் டியூப் கட்டியிருக்காரு. அங்கதான் தேஞ்சிருக்கு. தொடாத குழாய்க்கு எந்தப் பைத்தியக்காரனும் கட்டுப் போட மாட்டான்."

முதலாளி குனிந்து டியூபைத் தொட்டுப் பார்த்தார்.

"ஃபில்டருக்குள்ள ஒரு ரப்பர் மடல் இருக்கு. ஒரு பக்கம் மட்டும் திறக்கற கதவு மாதிரி. சாப்பிடறப்ப எனக்குப் பலதடவை சொல்லியிருக்காரு. குழாயை மாத்தி மாட்டினா ஆயில் அந்தக் கதவுல முட்டிக்கிட்டு நிக்கும், எஞ்சினுக்குப் போகாது. முதல் நாளே மாத்தி மாட்டியிருந்தா இது முதல் நாளே செத்திருக்கும். நேத்து சாயந்தரத்துக்கும் இன்னைக்குக் காலைக்கும் நடுவுலதான் யாரோ நேராக்கியிருக்காங்க."

விசில் ஒரு அடி பின்வாங்கினான். "அக்கா, சத்தியமா..."

"நீ இல்லடா. வீம்புக்குக் கெடுக்கறவன் கழட்டி விட்டுட்டுப் போவான். இவ்வளவு அக்கறையா இறுக்கித் துடைச்சு வைக்க மாட்டான். இது கெடுக்கணும்னு செஞ்சதில்ல, திருத்தணும்னு செஞ்சது. என் வேலையிலயும் இது உண்டு. சரியா இருக்கறதைத் தப்புன்னு நினைச்சுத் திருத்திட்டு நிம்மதியாத் தூங்கப் போவாங்க."

துணியை முறுக்கிக்கொண்டிருந்த சின்னவரின் கை நின்றது.

"முதலாளி கசிவுன்னாரு. லூசுன்னாரு. ஸ்டாண்டுலயும் அதையேதான் சொல்றாங்க. இடம் வலம்னு சொன்னது நீ ஒருத்தன்தான் தம்பி."

 வெளியே ஒரு லாரி கடந்து போனது.

"ஃபில்டர் கழட்டறப்பதான் பார்த்தேன்," என்றார் சின்னவர். "குறுக்கே கிடந்துச்சு. சட்டையைத் திருப்பிப் போட்ட மாதிரி இதையும் மாத்தி மாட்டிட்டாரு, ஏதோ அதிர்ஷ்டத்துல ஓடுதுன்னு நினைச்சேன். யாருக்கும் தெரியாம சரி பண்ணிட்டா அண்ணன் பேர் கெடாதுன்னு தோணுச்சு."

"இன்னைக்குக் காலைல?"

"கயித்துல கட்டி இழுத்துட்டு வர்றப்பவே புரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் அவர் தலைல போட்டே?"

"பட்டறை ஓடணுமே அண்ணி. உயிரோட இருக்கறவன் பேர் போனா கதவைச் சாத்த வேண்டியதுதான்."

அவள் குரலை உயர்த்தவில்லை. "ஃபில்டரைத் திருப்பி வச்சிருந்தா குழாய் நேராவே போயிருக்கும். அதுல உனக்குச் சந்தேகம் உண்டா?"

"இல்ல."

"அப்படி வச்சா அதை ஹெட்லைட்டுப் பக்கத்துச் சந்துலதான் கழட்டணும். அங்க எவ்வளவு இடம் இருக்கு? கையை விட்டுப் பாரு."

சின்னவர் கையை விட்டார். மணிக்கட்டோடு நின்றுவிட்டது. கட்டையான கை. அதில் முழங்கை வரை பழைய சூட்டுத் தழும்புகள், ஏணிப்படிபோல.

"அவர் கை மெலிசு. எப்படி வச்சாலும் நுழையும். இனிமே கழட்டப் போறது அவரில்ல, நீதான்னு அவருக்குத் தெரியும்."

சின்னவர் கையை வெளியே எடுக்கவில்லை. அப்படியே நின்றார்.

முதலாளிதான் முதலில் அசைந்தார். "வண்டிங்க இங்கயே இருக்கட்டும். காலைல வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். ஸ்டாண்டுக்குப் போய் நானே மாத்திச் சொல்லிடறேன்."

"நீங்க வேணாம்," என்றார் சின்னவர். துணியை மேசைமேல் போட்டார். "நான் போறேன்."

போனார். அரை மணி நேரம் கழித்து வந்தார். என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. கூடப் போயிருந்த விசில், கேட்காமலேயே சொன்னான். "சின்னவர் நான்தான் மாத்தி மாட்டினேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாருக்கா. அண்ணன் வேலையில குத்தமில்லன்னு ரெண்டு தடவை சொன்னாரு."

அடுத்த வாரம் அந்தக் காரில் வேறு எஞ்சின் இறங்கியது. அச்சகத்திலிருந்து திரும்பும் வழியில் அவள் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தாள். விளக்கின் மேலிருந்த பிளாஸ்திரியை விசில் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். பானெட் திறந்திருந்தது. குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே கிடந்தன. தொடுமிடத்தில் அதே பழைய டியூப் துண்டுகள்.

கம்பி மட்டும் புதிது. அதன் முனையை விரலால் தடவிப் பார்த்தாள். உள்பக்கம் மடித்துவிட்டிருந்தது.