இரண்டு நொடிச் சத்தம்

பதினொன்று நாற்பதுக்கு ஷர்லி ஹெட்போனைக் கழற்றினாள். கம்ப்யூட்டரின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

கரண்ட் ஒன்பது மணிக்கே போயிருந்தது. மாதாந்திரப் பராமரிப்பு. ஐந்து மணிக்குத்தான் வரும். மாதத்தில் இந்த ஒரு நாளுக்காக அவள் காத்திருப்பாள். பக்கத்து வீட்டு மிக்சியும் எதிர்வீட்டு மோட்டாரும் தெருமுனை மாவுமில்லும் ஒன்றாக ஓய்ந்து, கீரனூர் பஸ் ஸ்டாண்டின் ஹாரன் மட்டும் எங்கோ தொலைவில் நூல்போல இழையும்போது, செல்போனில் சின்ன மைக்கைச் செருகிப் பேசினாலே குரல் கழுவியதுபோல் விழும். பழைய போர்வைகளையும் கிழிந்த மெத்தையையும் சுவரில் அடித்த அந்த ஆறடி ஸ்டோர் ரூமின் அமைதிக்குள், சுவருக்கு அப்பாலிருந்து, ஒரே சுருதியில் விசிறி இரைந்தது.

அவள் எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள்.

மாமனார் சவரியப்பனின் அறை. அவர் இறந்து இருபத்தொன்பது நாள். கட்டிலை இன்னும் எடுக்கவில்லை. தலைமாட்டில் ஸ்டூல், அதன்மேல் கம்ப்யூட்டர் பெட்டி. பிளக் தரையில் கிடந்தது. அவர் இறந்த அன்று அவளே பிடுங்கிப் போட்டது. இந்த அறையில் சத்தமே இல்லை. தைலமும் மூத்திரமும் பினாயிலும் கலந்த பழைய வாடைக்கு மேலே இன்னொன்று இருந்தது. சூடான தூசி. பெட்டியின்மேல் கை வைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

வெயில் என்று சொல்லிக்கொண்டாள். ஜன்னல் வடக்குப் பார்த்தது.

போன வருஷம்வரை பெட்டி அவள் பக்கம்தான் இருந்தது. ஆன்லைன் பள்ளி ஒன்றுக்குப் பாடங்களை வாசித்துக் கொடுக்கிறாள். பின்னணியில் இரைச்சல் என்று பதிவுகள் திரும்பி வந்தன. "கப்பல்ல ஒக்காந்துக்கிட்டா பாடம் நடத்துற?" என்று புருஷன் அருள்தாஸ் சிரித்தான். அவனே சுவரில் கை நுழையும் அளவுக்குத் துளை போட்டுக் கொடுத்தான். வயர்களை அதில் விட்டு, பெட்டியை அந்தப் பக்கம் வைத்தார்கள். அந்தப் பக்கத்தில் மாமா படுத்திருந்தார். பக்கவாதம். பேச்சு போயிருந்தது. இடது கை மட்டும் அசையும்.

"கொஞ்ச நாளைக்குத்தான் மாமா," என்றாள்.

அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

துளை வழியாக இன்னும் கொஞ்சம் சத்தம் வந்தது. அருள்தாஸ் வேலைக்குக் கிளம்பிய பிறகு அவள் பெட்டியைத் திருப்பி வைப்பாள், விசிறி சுவரைப் பார்க்காமல் அவரைப் பார்க்கும்படி. சூடான காற்று பகல் முழுக்க அவர் முகத்தில் அடித்தது. அவரால் கழுத்தைத் திருப்ப முடியாது. சாயங்காலம் புருஷன் வருவதற்கு முன் பழையபடி திருப்பிவிடுவாள்.

போன் அடித்தது. அருள்தாஸ், திருச்சியிலிருந்து.

"முடிச்சிட்டியா?"

"இன்னும் இல்லைங்க."

"என்னா இன்னும்? இன்னைக்கி ஊரே வாயப் பொத்திக்கிட்டு இருக்கும். ஒனக்குத் தோதான நாளு. நா அரை நாள் லீவு சொல்லிட்டேன். ஒரு மணி பஸ்ஸுக்கு வாரேன்."

"என்னங்க, அந்தத் தண்ணி குடுத்தத மட்டும் எடுத்துரலாமே."

"அத எடுத்துட்டா அப்பறம் என்னா இருக்கு? எங்க பெரியப்பாரு, பொறந்ததுலேருந்து ஒருத்தர நல்லவருன்னு சொல்லாத மனுசன், மருமகள்னா அவதான்டாங்குறாரு. பிளெஸ்ஸி சொந்த மக, எனக்குக் குடுத்து வைக்கலயேன்னு அழுகுறா. நீ என்னமோ பொண்ணு பாக்க வந்த மாரி வெக்கப்படுற."

நாளை முப்பதாம் நாள் பூசை. பூசை முடிந்து பந்திக்கு முன் உறவுக்காரர்கள் கேட்பதற்கு, அவள் குரலில் இரண்டு நிமிட நினைவுரை. எழுதியது அவன். கடைசிக்கு முந்தின வரி: ‘மருமகள் மடியில் தாங்கிக் கொடுத்த தண்ணீரை அருந்தி, அமைதியாகக் கண்மூடினார்.’

அவள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

அவர் இறந்த அன்று எட்டாம் வகுப்பு அறிவியல். சாயங்காலத்துக்குள் ஆறு பாடம் அனுப்ப வேண்டும். பதினோரு மணிவாக்கில் ஹெட்போனில் தட்டும் சத்தம் கேட்டது. தகரத்தில் விரல்முட்டி. மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு. பெட்டியின் மூடி லூசாகி ஆடுகிறது என்று நினைத்தாள். இல்லை, அப்படி வைத்துக்கொண்டாள். மூடி எண்ணி ஆடாது.

எழுந்து போனால் அவரைப் புரட்ட வேண்டும், துணி மாற்ற வேண்டும். அரை மணி நேரம் போய்விடும். அவள் வாசிப்பதை நிறுத்தி, தட்டல் மட்டும் விழுந்த இரண்டு நொடியைத் தனியாக எடுத்து, இதுதான் இரைச்சல் என்று மென்பொருளுக்குக் காட்டினாள். அதைப் போன்ற சத்தத்தை எல்லாம் பதிவு முழுவதிலிருந்தும் அது துடைத்துக் கொடுத்தது. ஆறு பாடத்திலிருந்தும்.

இரண்டரை மணிக்கு அவர் அறைக்குள் போனபோது அவர் கை பெட்டியின்மேல் இருந்தது. முட்டிகளில் தோல் இல்லை. உதடு வெடித்திருந்தது. தண்ணீர்ச் சொம்பு எட்டாத தூரத்தில் நிறைந்திருந்தது.

இப்போது அவள் ஸ்டோர் ரூமுக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினாள். இரைச்சல் இங்கே இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். காகிதத்தைப் பார்த்து முழுவதும் வாசித்தாள். போட்டுக் கேட்டாள்.

இரைச்சல் விழவில்லை. பிறந்த ஊர், பார்த்த வேலை, மகன் அருள்தாஸ், மருமகள் ஷர்லி, மகள் பிளெஸ்ஸி, எல்லாம் தெளிவு. கடைசிக்கு முந்தின வரி வந்தது. வரவில்லை. அந்த இடத்தில் தண்ணீருக்கடியில் யாரோ வாயசைப்பதுபோல ஒரு குழைவு. அதன் பிறகு, ‘அவரது ஆன்மா இளைப்பாறட்டும்.’ சுத்தமாக.

அந்தக் குழைவு அவளுக்குத் தெரியும். மென்பொருள் எதையாவது துடைத்தால் அந்த இடத்தில் மிஞ்சுவது. போனில் அந்த மென்பொருள் கிடையாது.

மறுபடி வாசித்தாள். மைக்கை வாயோடு ஒட்டி, ஒவ்வொரு சொல்லாக. அதே இடம். அதே குழைவு.

மூன்றாவது முறை, மகனுக்கும் மகளுக்கும் நடுவில் அவள் பெயரும் அழிந்து போயிருந்தது.

விசிறி வேகமெடுத்தது. போர்வைகள் அசைந்தன. துளையில் அடைத்திருந்த துணி இந்தப் பக்கமாகப் புடைத்தது. வெக்கை. முகத்தில். கண்ணில். தூசி நாற்றம். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவளால் திருப்ப முடிந்தது.

அதற்குத்தான் அழுகை வந்தது.

மைக்கை எடுத்தாள். காகிதத்தைப் பார்க்கவில்லை.

"மாமா தட்டுனாரு," என்றாள். "எனக்குக் கேட்டுச்சு. நான் போகல."

விசிறி நின்றது.

போட்டுக் கேட்டாள். மூன்றே வாக்கியம். இத்தனை வருஷத்தில் அவள் செய்த எந்தப் பதிவும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

அனுப்பிவிடலாம். அருள்தாஸுக்கு மட்டும். விரல் அவன் பெயர்மேல் நின்றது. மருமகள்னா அவதான்டா. நாளைப் பந்தியில் எல்லா முகமும் இலையிலிருந்து நிமிரும். பிளெஸ்ஸி எதிரில் உட்கார்ந்திருப்பாள்.

அழித்தாள்.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாள் என்று தெரியவில்லை. வாசல் கதவு திறந்தது. செருப்பு கழற்றும் சத்தம். அருள்தாஸ். அவன் அவளைக் கூப்பிடவில்லை. காலடி நேராக அப்பா அறைக்குள் போனது. கட்டில் கிறீச்சிட்டது.

"ம்," என்றான்.

அமைதி.

"ம்... சொல்லுங்கப்பா."

அமைதி. நீளமாக. அவன் மூக்கை உறிஞ்சினான்.

"எம்புட்டு நேரமாப்பா?"

அவள் துணியைப் பிடுங்கினாள். துளையில் கண்ணை வைத்தாள்.

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குனிந்திருந்தான். காது பெட்டியில் ஒட்டியிருந்தது. கண் மூடியிருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. அவன் தலைமுடி ஒரு கையகலத்துக்கு அமுங்கிக் கிடந்தது. ஐந்து விரல். அந்தப் பள்ளம் நெற்றியிலிருந்து பிடரிவரை மெல்ல நகர்ந்தது. மறுபடி நெற்றியிலிருந்து. மறுபடி.

அவன் கண்ணைத் திறந்தான். துளையைப் பார்த்தான்.

"ஷர்லி, அன்னைக்கி ஒனக்குக் கேட்டுச்சா இல்லையா?"