பதினாலு நாள் மாத்திரை

"இன்னாடி இது?"

கஞ்சி வடித்துக்கொண்டிருந்த தேன்மொழி திரும்பினாள். மாமியார் சுந்தரம்மாவின் கையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. மருமகளின் புடவை மடிப்புக்குள்ளிருந்து எடுத்தது!

"இத்தக் குடுத்துதான் எம் புள்ளைய மயக்கி வெச்சிக்கினு கீறியா? அவன் படுத்த படுக்கையா கெடக்கறான்... நீ தெனம் திருப்பதிக்கு பஸ் ஏறிப் போய்க்கினு கீற. ஊரே சிரிக்குதுடி!"

"அத்தே, அது வந்து..."

கன்னத்தில் அறை விழுந்தது. உள்ளே படுத்திருந்த கோபிகிருஷ்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

சித்தூர் கிரானைட் பட்டறையில் கல் சரிந்து அவன் இடுப்பு ஒடிந்து ஒன்றரை வருஷமாகிறது. வலிக்கென்று தொடங்கிய மாத்திரை, பிறகு அவனை விடவில்லை. ஒரு வேளை தவறினால் உடம்பு முறுக்கும், வேர்த்துக் கொட்டும். "அம்மாவுக்குத் தெரிஞ்சா நான் செத்துடுவேன்" என்று மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தான். தேன்மொழி மாத்திரையை ஒளித்துவைத்து, பாதி பாதியாகக் குறைத்துக் கொடுத்து வந்தாள்.

பழக்கத்தை நிறுத்தும் மருந்து திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தது. இடுப்பைக் காட்டப் போவதாகச் சொல்லி அவனை அழைத்துப் போனாள். மருந்து கேட்டது. ஆனால் தினமும் நேரில் வந்தால்தான் தருவார்களாம்! பாலசமுத்திரத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி, அந்த இடுப்போடு... நாலாம் நாள் அவனால் எழவே முடியவில்லை. அன்றிலிருந்து மாங்காய் ஃபேக்டரி வேலையையும் விட்டுவிட்டு, இவள் மட்டும் போய்க் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"திருப்பதில நீ இன்னா பண்றேன்னு இன்னிக்குப் பாத்துடறேன்!" என்று சுந்தரம்மாவும் கூடவே பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் இவளைக் கண்டதுமே சிடுசிடுத்தாள். "மறுபடியும் வந்துட்டியா? ஆள் வராம மருந்து இல்லன்னு எத்தினி தடவ சொல்றது?"

"அவரால ஒக்கார முடியலம்மா... மாத்திரைய நிறுத்தினா துடிக்கறாரு. ஒரு வாரத்துக்காவது குடுங்கம்மா!"

சுந்தரம்மா மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். தன் பிள்ளைக்கா? மாத்திரைப் பழக்கமா?

அப்போது டாக்டர் அறையிலிருந்து ஓர் இளைஞன் வெளியே வந்தான். அவர்கள் ஊர் நிலக்காரர் திருவேங்கடத்தின் மகன் யஸ்வந்த். அவன் கையில் அதே மருந்தின் பொட்டலம். "பதினாலு நாளைக்கு இருக்கு சார்" என்றாள் நர்ஸ், பணிவாக.

சுந்தரம்மா முன்னே வந்தாள். "அவருக்கு மட்டும் எப்பிடிம்மா வூட்டுக்குக் குடுக்கறீங்க?"

"அவங்க நல்ல குடும்பம். உங்க காலனி ஆளுங்க வெளிய வித்துடுவீங்க."

"நாங்களா? நாப்பது வருசம் இவங்க களத்துல வேர்க்கடலைக்குக் காவ இருந்தவ நானு! ஒரு கடல கொறைஞ்சிருக்குமா? சொல்லுங்க சின்னய்யா!"

யஸ்வந்த் தலை குனிந்தான். பிறகு, அறை வாசலுக்கு வந்துவிட்ட டாக்டரம்மாவைப் பார்த்து மெல்லச் சொன்னான்: "மேடம்... மாத்திரை தொலஞ்சிடுச்சின்னு ரெண்டு தடவ கூடுதலா வாங்கினேனே, அது பொய். ஃப்ரெண்டுக்கு வித்துட்டேன். என்னை யாரும் ஒரு கேள்வி கேக்கல."

டாக்டரம்மாவின் முகம் வெளுத்தது.

"நாளைக்கு ஒரே ஒரு தடவை அவரைக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றாள் தேன்மொழியிடம். "அப்புறம் வாரா வாரம் வீட்டுக்கே தரேன். இதை முன்னாடியே செஞ்சிருக்கணும்."

பஸ் ஸ்டாண்டில் சுந்தரம்மா மருமகளின் கன்னத்தைத் தடவினாள். விரல் பதிந்த இடம் இன்னும் சிவந்திருந்தது.

"பாவி நான்... ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சத்தியம் வாங்கிக்கினாரு அத்தே..."

"எங்கிட்ட அடியும் வாங்கிக்கினு, அங்க அவகிட்ட பேச்சும் வாங்கிக்கினு..." கிழவி அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

மறுநாள் காலை முதல் பஸ். கடைசி சீட்டில் கோபியைப் படுக்கவைத்து, தலையைத் தாயும் காலை மனைவியும் மடியில் தாங்கிக்கொண்டார்கள்.

"இன்னாம்மா ஒடம்புக்கு?" என்றார் கண்டக்டர்.

கோபி பதறிக் கண்ணை மூடிக்கொண்டான். தேன்மொழி உதட்டைக் கடித்தாள்.

"மாத்திரைப் பழக்கம்யா" என்றாள் சுந்தரம்மா, பஸ் முழுக்கக் கேட்கும்படி. "வைத்தியத்துக்குக் கூட்டிக்கினு போறோம், நானும் எம் மருமவளும். மூணு டிக்கெட் குடு."